வருகை தரும் ஓவியரைப் பள்ளிக்கு அழைப்பது: பினாங்கு ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓவியர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து வருவதாகச் சொல்லும்போது, பெரும்பாலும் இரண்டு வேறு நிகழ்ச்சிகளை ஒரே பெயரில் குறிப்பிடுகிறோம். மேடையில் ஓவியர் இசைக்கோ கதைக்கோ ஏற்ப வரைந்துகொண்டே போக, முந்நூறு மாணவர்கள் தரையில் அமர்ந்து பார்ப்பது ஒன்று. வகுப்பறையில் முப்பது மாணவர்கள் கையில் கரித்துண்டுடன் தாங்களே வரைய, ஓவியர் அவர்களுக்கிடையே நடந்து, குனிந்து பார்த்து, ஓரிரு சொற்கள் சொல்லிவிட்டு நகர்வது மற்றொன்று. முதலாவது காட்சி, இரண்டாவது பட்டறை. இடம், நேரம், செலவு, ஓவியரிடம் எதிர்பார்க்கும் உழைப்பு எல்லாமே இரண்டுக்கும் வேறுபடும். இவ்விரண்டையும் ஒரே காலைப்பொழுதின் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க முயன்றால், காட்சி கைதட்டலோடு முடியும். பட்டறைக்குத் தாள் விநியோகித்து முடிப்பதற்குள் ஓய்வுநேர மணி அடித்துவிடும். கையிலுள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் காட்சியை விட்டுவிட்டுப் பட்டறையை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. இரண்டும் இயலுமென்றால், காட்சியைப் பட்டறைக்கு முன்னுரையாக மட்டும் அமைத்துக்கொள்வது நல்லது.

பள்ளியும் நாளும்

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஏற்பாட்டாளர்கள் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள நகரப் பள்ளிகளையே முதலில் நினைப்பது இயல்பு. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும் நன்கொடையாளருக்கும் அதுவே பிடிக்கும். ஆனால் பட்டறைக்கு மிகவும் ஏற்ற இடம் சிறிய பள்ளிதான். நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் தோட்டப்புறத்தில் வேரூன்றிய ஒரு சிறிய பள்ளியில் ஆண்டு 4 முதல் 6 வரையுள்ள அத்தனை பிள்ளைகளும் ஒரே பட்டறையில் அமர்ந்துவிட முடியும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற கேள்வியே எழாது. ஆகவே மூன்று நான்கு பள்ளிகள் செலவைப் பகிர்ந்துகொள்ளும் சுற்றாகத் திட்டமிட்டு, அதில் ஒன்றாவது சிறிய பள்ளியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஒரு பள்ளி என்பதற்கு மேல் போக வேண்டாம். வரைவது உடலுழைப்பு. காலையில் ஒரு பள்ளியில் காட்சியும் பட்டறையும் நடத்திய கையால் மாலையில் இன்னொரு பள்ளியில் அதே கோட்டைப் போட முடியாது.

தங்குமிடத்தை, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தை மனத்தில் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். காலை நேர நெரிசல் பெருநிலத்திலிருந்து தீவை நோக்கியே அதிகம் இருக்கும். ஓவியரைப் பெருநிலத்திலுள்ள பிறை நகரில் தங்கவைத்துவிட்டு ஜார்ஜ்டவுன் பள்ளிக்கு ஏழு மணிக்கு வரச்சொல்வது அவரை 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலத்தின் நடுவில் நிறுத்திவைப்பதாகவே முடியும். தீவில் தங்கிப் பெருநிலத்துக்குப் போவது எதிர்த்திசைப் பயணம் என்பதால் எளிது. நிபோங் திபால் பக்கம் செல்பவர்கள் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தைப் பயன்படுத்தலாம். அது பத்து மாவோங்கையும் பத்து காவானையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் பாலம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் அருகில் தொடங்குகிறது.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டிறுதித் தேர்வு வாரங்கள், விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நாட்கள், தைப்பூசம், தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய நாட்கள் ஆகியவற்றைத் தவிர்த்துவிட வேண்டும். பொதுவிடுமுறைக்கு முந்தைய நாள் வெறுமையாகத் தெரிந்தாலும் அன்று பாதி வகுப்பு வராது. செவ்வாய், புதன், வியாழன் ஆகியவையே பாதுகாப்பானவை. திங்களன்று சபைகூடல் நீண்டுவிடும் வாய்ப்பு உண்டு.

அனுமதியும் ஆவணமும்

முதலில் பேச வேண்டியவர் தலைமையாசிரியர். அவர் ஒப்புக்கொண்ட பின்னரே பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி வாரியம் என்று நகர வேண்டும். வரிசை மாறினால் மனத்தாங்கல் வரும். மாவட்டக் கல்வி இலாகாவுக்கான கடிதத்தை மலாய் மொழியில், ஓவியரின் சுருக்கமான அறிமுகம், அவருடைய படைப்புகளில் மூன்று நான்கின் படங்கள், மணிவாரியான நிகழ்ச்சி நிரல், உடனிருக்கப்போகும் ஆசிரியர்களின் பெயர்கள் ஆகியவற்றோடு தயாரித்துத் தலைமையாசிரியரிடமே கொடுத்துவிடுங்கள். எந்த அலுவலகத்துக்கு, யார் வழியாக அனுப்புவது என்பதை அவர் அறிவார்.

ஓவியர் வெளிநாட்டவராக இருந்தால் குடிநுழைவு பற்றிய பணியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகத் தொடங்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்பதால், சென்னையிலிருந்து வருபவருக்கு எந்த அனுமதியும் வேண்டாம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தச் சலுகை சுற்றுலா, உறவினர் சந்திப்பு போன்ற வருகைகளுக்கானது; ஊதியம் பெற்று மேடையேறுவதற்கானதன்று. வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் புஸ்பால் குழு, குடிநுழைவுத் துறை வழங்கும் தொழில்முறை வருகை அனுமதி ஆகிய இரண்டையும் பற்றிக் குடிநுழைவு அலுவலகத்தில் எழுத்து வடிவில் கேட்டுப் பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பிப்பவர் உள்நாட்டு ஏற்பாட்டாளராகவே இருக்க வேண்டியிருக்கும் என்பதால், பதிவுபெற்ற சங்கம் ஒன்றின் பெயரில் நிகழ்ச்சியை நடத்துவது வசதி. ஓவியர் தம் பங்குக்கு, வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும்.

வரியும் உண்டு. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 109ஏ பிரிவின்படி, மலேசியாவில் வசிக்காத மேடைக் கலைஞருக்குக் கொடுக்கும் ஊதியத்தில் 15 விழுக்காட்டை ஏற்பாட்டாளரே பிடித்தம் செய்து உள்நாட்டு வருமான வாரியத்துக்குச் செலுத்த வேண்டும். பட்டறைக்கான ஊதியம் இதில் எப்படிக் கணக்கிடப்படும் என்பதைச் சங்கத்தின் கணக்காய்வாளரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, ஓவியருக்குச் சொல்லும் தொகை வரிக்கு முந்தையதா பிந்தையதா என்பதை முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் எழுதப்படாததால் கடைசி நாளில் முகம் சுளிக்க நேரும்.

மண்டபமும் கேமராவும்

காட்சியின் வெற்றி கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவரின் கண்ணில்தான் இருக்கிறது. ஓவியர் வருவதற்கு ஒரு வாரம் முன்பாகவே, நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே மணியில் மண்டபத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்து பாருங்கள். நம் பள்ளி மண்டபங்களில் பல பக்கவாட்டில் திறந்தவை, அல்லது திரையில்லாத சன்னல்கள் நிறைந்தவை. வகுப்பறையில் நன்றாகத் தெரியும் புரொஜெக்டர் காலை பத்து மணி வெளிச்சத்தில் வெறும் சாம்பல் நிழலையே காட்டும். மண்டபத்தை ஓரளவு இருட்டாக்க முடியுமென்றால் 4000 லூமனுக்குக் குறையாத ஒளித்திறனுள்ள புரொஜெக்டரை வாடகைக்கு எடுங்கள். இருட்டாக்கவே முடியாதென்றால் திரையை மறந்துவிட்டு, மேடையில் செங்குத்தாக நிறுத்திய பெரிய பலகையில் மாஜோங் தாள்களை (பெரிய, மெல்லிய வெள்ளைத் தாள்களை) ஒட்டித் தடித்த தூரிகையால் வரையும் காட்சியாக மாற்றிக்கொள்ளும்படி ஓவியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கோட்டின் தடிமனுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: பத்து மீட்டர் தொலைவுக்கு ஒரு சென்டிமீட்டர். கடைசி வரிசை இருபது மீட்டரில் இருந்தால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த கோடு அங்கே போய்ச் சேராது.

மேசையில் வரைவதை மேலிருந்து கேமராவால் பிடித்துத் திரையில் காட்டுவதாக இருந்தால் மூன்று அமைப்புகளைக் கட்டாயம் கையால் பூட்ட வேண்டும். முதலாவது குவியம்: தானியங்கிக் குவியத்தை விட்டுவைத்தால், ஓவியரின் கை சட்டகத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் கேமரா கையைத் தேடிப் போகும், தாளிலுள்ள கோடு மங்கும். இரண்டாவது வெண்சமநிலை (ஒயிட் பேலன்ஸ்): இதைப் பூட்டாவிட்டால் ஓவியர் சிவப்பை அள்ளிப் பூசியதும் வெள்ளைத் தாள் நீலம் பாய்ந்து தெரியும். மூன்றாவது ஷட்டர் வேகம்: மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு என்று வைத்தால்தான் குழல்விளக்கின் துடிப்பு திரையில் பட்டை பட்டையாக ஓடாமல் இருக்கும். கைப்பேசியைக் கேமராவாகப் பயன்படுத்துவோர் இம்மூன்றையும் பூட்டவிடும் செயலி ஒன்றை முன்பே நிறுவி, கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட வேண்டும். முந்நூறு பேர் பார்க்கும் திரையில் யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் செய்தி வந்து விழுவதைவிடச் சங்கடமானது வேறில்லை. கம்பியில்லாத் தொடர்பை நம்பாமல் நீளமான எச்.டி.எம்.ஐ. கம்பியையே பயன்படுத்துங்கள், கை முன்னே போகப் படம் பின்னே வந்தால் இசையோடு ஒத்துப்போகாது.

மின்விசிறியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மண்டபத்தில் சுழலும் பெரிய விசிறிகள் தாளைப் புரட்டும், கரித்தூளை ஓவியரின் முகத்திலேயே வீசும், ஒளிப்பெட்டியின் மேல் மணலைத் தூவி வரையும் மணல் ஓவியமாக இருந்தால் படத்தையே கலைத்துவிடும். எல்லா விசிறிகளையும் நிறுத்தினால் பிள்ளைகள் வேர்த்து நனைவார்கள். மேடைக்கு மேலுள்ளதை மட்டும் தனியே நிறுத்த முடியுமா என்று மின்விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, அந்த விசைக்கு மேல் நாடா ஒட்டிக் குறித்துவையுங்கள்.

மணல் ஓவியர்கள் பலரும் மணலைக் கையோடு எடுத்துவர விரும்புவதில்லை, எடை கூடும். பத்து ஃபெரிங்கி கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறதே என்று அங்கே போய் அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடல் மணலிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒளிப்பெட்டியின் மேல் தூவும்போது அது விரல் இடுக்கிலிருந்து மெல்லிய இழையாக விழாமல் கட்டி கட்டியாக விழும். மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் நுண்ணிய மணலை வாங்கி, பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, காற்றுப் புகாத பெட்டியில் மூடிவையுங்கள். நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர் மட்டுமே திறக்க வேண்டும். ஈரப்பதம் தாளையும் விடாது. மெல்லிய தாளில் நீர்வண்ணம் பூசினால் தாள் அலையலையாக எழும்பும், காய்வதற்கும் நெடுநேரம் ஆகும்; காட்சியில் நீர்வண்ணம் இடம்பெறுமானால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளைக் கேளுங்கள். கரி ஓவியத்தை நிலைப்படுத்தும் தெளிப்பான், டர்பன்டைன் போன்ற தீப்பற்றும் பொருள்களை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால் அவற்றை நாமே உள்ளூரில் வாங்கிவைக்க வேண்டும். அவற்றைப் பிள்ளைகள் இருக்கும் அறையில் தெளிக்கவும் கூடாது.

மழையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழை மிகுதி. தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது ஒலிபெருக்கியும் தோற்றுப்போகும். அம்மாதங்களில் கதை சொல்லிக்கொண்டே வரையும் காட்சியைவிட இசையோடு மட்டும் நகரும் காட்சி ஏற்றது.

காட்சி நாற்பது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முதலாம் படிநிலை (ஆண்டு 1 முதல் 3 வரை) மாணவர்களுக்கு இருபத்தைந்தே போதும். வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை ஆகியவை நம் நிகழ்ச்சிகளின் நெடுநாள் வழக்கம், அதில் தவறொன்றும் இல்லை. அவற்றைக் காட்சிக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். மாண்புமிகு விருந்தினர் வரும்வரை காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தில் பிள்ளைகளின் ஆர்வம் முழுவதும் வடிந்துவிடும். பின்னால் வைத்தால் அவர் தாமதமாக வந்தாலும் யாருக்கும் இழப்பில்லை, முடிந்த ஓவியத்தின் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொள்ளலாம்.

பட்டறை

பட்டறைக்கு முப்பது மாணவர்கள், மூன்று பாடவேளை, அதாவது ஒன்றரை மணி நேரம். எண்ணிக்கை கூடினால் இரண்டாம் பட்டறை வைக்கலாமே தவிர, ஒரே அறையில் அறுபது பேரை அடைக்கக் கூடாது. மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பள்ளியிடம் விட்டால், ஓவியப் போட்டிகளில் ஏற்கனவே பரிசு வாங்கியவர்களே வருவார்கள். அவர்கள் வரட்டும், ஆனால் பாதி இடங்களைக் குலுக்கல் முறையில் நிரப்பும்படி கேளுங்கள். பள்ளிகள் இதை முதலில் விரும்புவதில்லை, ஓவியர்கள் எப்போதும் விரும்புகிறார்கள்.

மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, அதன்மேல் மாஜோங் தாளை ஆளுக்கு அரைத்தாள் வீதம் கொடுங்கள். விலை குறைவு என்பது ஒரு வசதி. பெரிய தாளில் வரையும்போது மணிக்கட்டு மட்டுமின்றித் தோள் முழுவதும் அசையும் என்பது அதைவிட முக்கியமானது. கருவிக்குக் கரித்துண்டும் எண்ணெய் வண்ணக்குச்சியும் போதும். அழிப்பான்களையும் அளவுகோல்களையும் பென்சில் பெட்டியோடு வாசலிலேயே வாங்கிவைத்துவிட வேண்டும். அழிப்பான் கையில் இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரம் அழிப்பதிலேயே போகும்.

எதை வரைவது என்பதை ஓவியரே தீர்மானிக்கட்டும், ஆனால் நம் பிள்ளைகளைப் பற்றி ஒன்றை அவருக்குச் சொல்லிவைக்கலாம். "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, பக்கத்தில் தென்னைமரம் என்று முப்பது தாள்களும் ஒன்றுபோலவே வரும். கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளைப் பார்த்து வரையச் சொன்னால் நிலைமை மாறிவிடும். வாசலில் கழற்றிவிட்ட பள்ளிக் காலணியே போதும். அப்படி ஒரு பட்டறையில் ஆண்டு 4 மாணவி ஒருத்தி, தாளைப் பார்க்காமல் காலணியை மட்டுமே பார்த்து வரைய வேண்டும் என்ற பயிற்சியில், கயிறு கோக்கும் துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவதுபோல் கரியை மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். குதிகால் தாளைவிட்டு வெளியேறிச் செய்தித்தாளில் போய் முடிந்திருந்தது. ஓவியர் அந்தச் செய்தித்தாளையும் சேர்த்தே கிழித்து எடுத்துச் சுவரில் ஒட்டினார்.

அடுத்த பயிற்சியாக, ஒரு முழ நீளமுள்ள மூங்கில் குச்சியின் நுனியில் கரியைக் கட்டி நின்றுகொண்டே வரையச் சொல்லலாம். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தம் முதுமையில் நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரியைக் கட்டிச் சுவரில் வரைந்தவர். குச்சி நீளும்போது கை தன் பழக்கத்தை இழக்கும். நன்றாக வரையும் பிள்ளைக்கும் வரையத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் குறையும்.

இங்கே ஆசிரியர்களோடு முன்பே பேசிவைக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. பிள்ளையின் தாளில் ஆசிரியர் கைவைத்துத் திருத்தக் கூடாது. "இப்படி இல்லைய்யா, கொடு" என்று அன்போடு கரியை வாங்கிக் காலணியை நேராக்கிக் கொடுத்துவிடும் ஆசிரியர்கள் உண்டு. அந்த நொடியிலிருந்து அது அப்பிள்ளையின் படமன்று. உடனிருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்துத் தரையில் உட்காரவைப்பதே இதற்குச் சிறந்த வழி. இரண்டாவது, பட்டறை முடிவில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கோப்பை என்று எதுவும் வேண்டாம். நன்கொடையாளர் கோப்பை வாங்கித்தர முன்வந்தால், அந்தப் பணத்தில் பள்ளிக்குக் கரித்துண்டுப் பெட்டிகள் வாங்கித்தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் மொழிச் சிக்கல் பெரிதாக எழாது. தேசிய இடைநிலைப்பள்ளியில் நடத்துவதாக இருந்தால் மலாயில் சொல்லித்தர ஓர் ஆசிரியர் ஓவியரின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பும் உரிமையும்

எந்த நேரத்திலும் ஓவியரை மாணவர்களோடு தனியே விடக் கூடாது. இது அவர்மீதுள்ள ஐயத்தால் அன்று. அவருடைய பாதுகாப்புக்கும் இதுவே முறை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் நல்ல கலைஞர் எவரும் மறுக்கமாட்டார். மாணவர்களோடு தனிப்பட்ட கைப்பேசி எண் பரிமாற்றம் வேண்டாம். புகைப்படத்துக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தராத பிள்ளைகளுக்கு வேறு நிறத்தில் பெயரட்டை கொடுத்துவிட்டால், படம் எடுப்பவர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படத்தில் பிள்ளையின் முகத்தைவிட அதன் கையும் தாளும் தெரிவதே அழகு என்பது என் கருத்து. கரித்தூள் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால், ஒப்புதல் கடிதத்திலேயே அதைப் பற்றியும் ஒரு கேள்வி சேர்த்து, தேவைப்படுவோருக்கு வண்ணக்குச்சி மட்டும் கொடுங்கள்.

மேடையில் வரைந்த ஓவியம் யாருக்குச் சொந்தம் என்பதை எழுதிவைக்காமல் விடுவதுதான் நம் வழக்கம். ஓவியத்தைச் சட்டமிட்டு அலுவலக அறையில் மாட்டுவது ஓர் உரிமை. அதை ஆண்டுமலரின் அட்டையிலும் சட்டைகளிலும் அச்சிடுவது வேறோர் உரிமை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணித்துச் செய்வித்த படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, செய்வித்தவருக்கே போய்விடும். பெரும்பாலான ஓவியர்கள் இதை அறிந்திருப்பதில்லை. எனவே, ஓவியம் பள்ளிக்கு, பதிப்புரிமை ஓவியருக்கு, பள்ளியின் வெளியீடுகளில் பெயரோடு பயன்படுத்த அனுமதி உண்டு என்று மூன்றே வரிகளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுவது நேர்மையான ஏற்பாடு. மணல் ஓவியத்தில் எஞ்சுவது காணொளி மட்டுமே என்பதால், அதை யார் எங்கே வெளியிடலாம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பிள்ளைகளின் படங்கள் பிள்ளைகளுக்கே உரியவை. இரண்டு வாரம் நடைபாதையில் ஒட்டிவைத்தபின் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

உணவைப் பற்றி ஒரு சொல். சைவமா, எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொண்டு, காட்சிக்கு முன்னால் இலகுவாகவும் பட்டறைக்குப் பின்னால் தாராளமாகவும் கொடுங்கள். ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் எல்லாரும் சூழ்ந்துகொண்டு தங்கள் உருவத்தை வரைந்துதரச் சொல்வதைத் தடுப்பதும் ஏற்பாட்டாளரின் வேலைதான். அந்த இருபது நிமிடம் ஓவியர் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியவர்.

ஊதியத்தை நிகழ்ச்சி முடிந்த அன்றே, வரிப்பிடித்தக் கணக்கோடு, ரசீது பெற்றுக்கொண்டு கொடுத்துவிடுங்கள். எஞ்சிய தாள், கரி, வண்ணக்குச்சி ஆகியவற்றைச் சங்க அலுவலகத்துக்கு எடுத்துப் போகாமல் பள்ளியின் கலைக்கல்வி ஆசிரியரிடமே ஒப்படைத்து, அடுத்த மாதத்துக்குள் அதே முப்பது பிள்ளைகளோடு காலணிப் பயிற்சியை அவரே ஒருமுறை நடத்தும் நாளை ஓவியர் புறப்படுவதற்கு முன்பே நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும்.